முதலில் ஏறியவர் சின்னையா: பூன் லேயிலிருந்து செம்பவாங்குக்கு ஒரு மினிபஸ் பயணம்

வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு மினிபஸ்ஸில் எங்காவது போய்வர நினைக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதைச் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகன் தட்டுகிறான். போன ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதின்மூன்று பேர் சிங்கப்பூரின் வடக்குக் கோடியில் இருக்கும் செம்பவாங் கடற்கரைக்குப் போய்வந்தோம். ஏற்பாடு முழுக்க என்னுடையது. வண்டி நல்ல வண்டி, ஓட்டுநர் நல்ல மனிதர். தப்பு நான் போட்ட வழியில் இருந்தது.

போனது சின்னையாவுக்காக. செம்பவாங் கப்பல் பட்டறையில் நாங்கள் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர் கப்பலுக்குச் சாயம், அதாவது பெயின்ட், அடிப்பவர். கப்பலின் மேலிருந்து கயிற்றில் பலகையைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து அடிக்க வேண்டும். இப்போது மேற்கே பூன் லேயில் மகள் செல்வியோடு இருந்தார். சிறுநீரகம் போய், வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிற நிலைமை. பார்வையும் மங்கிவந்தது.

"வீரா, நான் எங்க தொங்குனேன்னு பொண்ணுக்கு ஒருவாட்டி காட்டணும்டா. அவளப் படிக்கவச்சது அந்தப் பலகைதான்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். செம்பவாங் பூங்காவில் பழைய படகுத்துறை ஒன்று கடலுக்குள் நீண்டிருக்கிறது. அதன் நுனியில் நின்று இடது கைப்பக்கம் பார்த்தால் பட்டறையின் கிரேன்கள் தெரியும். அங்கே போய்க் கையை நீட்டிக் காட்டினால் போதும் என்றார்.

செல்வி அன்றைக்கே என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "மாமா, அப்பாவுக்குக் காலையிலதான் தெம்பு. பத்து மணி தாண்டுனா படுக்கணும். அதுக்குள்ள காட்டிட்டுக் கூட்டியாந்துருங்க." நானும் தலையை ஆட்டினேன்.

டாக்சியில் மூன்று பேராகப் போயிருக்கலாம். ஆனால் பட்டறையில் கூட வேலை பார்த்தவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது? தேக்கா சந்தையில் தேநீர் குடிக்கும்போது பக்கிரியிடம் சொன்னேன். அவன் நாலு பேரிடம் சொன்னான். ஆள் பெருகிவிட்டது. எனக்குத் தெரிந்த மணியம் என்கிற ஓட்டுநரைக் கேட்டேன். பதின்மூன்று இருக்கை வண்டி, ஞாயிற்றுக்கிழமை வாடகை மணிக்கு அறுபது சிங்கப்பூர் வெள்ளி, குறைந்தது நான்கு மணி நேரம் எடுக்க வேண்டும். வழியில் ஆள் ஏற்ற நிறுத்தும் ஒவ்வோர் இடத்துக்கும் பத்து வெள்ளி தனி. எல்லாருக்கும் இருக்கை வார் கட்ட வேண்டும். ஒருவர் கூடினாலும் வண்டி நகராது.

யாரை எங்கே ஏற்றுவது என்று பேசும்போது மணியம் ஒரு யோசனை சொன்னார். "அண்ணே, மத்தவங்கள ஏத்திகிட்டுக் கடைசியா பூன் லே வர்றேன். அங்கேருந்து நேரா செம்பவாங். ஐயாவுக்கு லேசா இருக்கும்லா."

"அவருக்காகத்தானப்பா வண்டியே எடுக்குறோம். அவரக் கடைசியா ஏத்துனா நல்லாவா இருக்கும்? முதல்ல அவரு ஏறணும், முன்சீட்டுல உக்காரணும்" என்றேன். கல்யாண வீடானாலும் கோயிலானாலும் பெரியவருக்குத்தான் முதல் மரியாதை. எனக்குத் தெரிந்த ஒழுங்கு அதுதான். மணியம் அப்படியே எழுதிக்கொண்டார்.

காலை ஏழரைக்குப் பூன் லேயில் வண்டி வந்து நின்றது. சின்னையா வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாகக் கீழே இறங்கி, எனக்கு முன்பே காத்திருந்தார். அந்த வண்டியில் முன்சீட்டு உயரம். பின்கதவில் சின்னப் படி இருக்கிறது, முன்னால் அது கிடையாது. நானும் மணியமும் இரண்டு பக்கமும் தாங்கி ஏற்றினோம். ஏறி உட்கார்ந்ததும் மூச்சு வாங்கியது. ஆனாலும் சிரித்தார். "கப்பல்ல ஏறுறதவிட இது கஷ்டமா இருக்கே" என்றார்.

எட்டே காலுக்கு லிட்டில் இந்தியா. பக்கிரியையும் சேர்த்து ஐந்து பேர் ரேஸ்கோர்ஸ் சாலையில் நின்றார்கள். தோசைப் பொட்டலம், ஒரு பொன்னாடை, ஒரு மாலை. மாலை பக்கிரியின் வேலை. முன்கதவைத் திறந்து சின்னையாவுக்குப் போட்டுவிட்டான்.

"என்னய்யா, மாப்ள மாதிரி உக்காந்திருக்க! பொண்ணு எங்க?"

"பின்னாடி உக்காந்து என் மாத்திரைய எண்ணிகிட்டு இருக்குடா" என்றார் சின்னையா. வண்டியே சிரித்தது.

எல்லாரும் ஒவ்வொருவராக முன்னால் வந்து அவர் கையைப் பிடித்துப் பேசினார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் அவர் இருக்கையிலிருந்து பாதி எழுந்து கும்பிட்டார். மணியம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, இங்க ரொம்ப நேரம் நிக்க முடியாதுலா, சம்மன் வந்துரும்" என்று இரண்டு தடவை சொன்னார். புறப்பட எட்டே முக்கால் ஆகிவிட்டது.

அடுத்து பிடோக். கிழக்கே போகிற சாலை. காலை வெயில் முன்கண்ணாடி வழியாக நேரே சின்னையாவின் முகத்தில் அடித்தது. மணியம் மறைப்பை இறக்கிவிட்டார், போதவில்லை. சின்னையா பொன்னாடையை எடுத்து நெற்றியில் போட்டுக்கொண்டார். பிடோக்கில் மூன்று பேர். ஒருவர் கழிப்பறைக்குப் போய்விட்டார். கால் மணி நேரம் நின்றோம். ஏறியவர்களில் ஒருவர் ஒரு கோப்பை தேநீர் வாங்கிவந்து சின்னையாவிடம் நீட்டினார். சிறுநீரகம் போனவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று கணக்கு உண்டு. வேண்டாம் என்று சொன்னால் வருத்தப்படுவார்களே என்று இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, அங் மோ கியோ வரைக்கும் குடிக்காமல் ஏந்திக்கொண்டே வந்தார்.

அங் மோ கியோவில் கடைசி இரண்டு பேர். அங்கேயும் அவர் பாதி எழுந்தார். அப்போது மணி பத்தைத் தாண்டியிருந்தது. பின்னாலிருந்து செல்வி குனிந்து என் காதில், "மாமா, அப்பா கை சில்லுன்னு இருக்கு" என்றாள். "இன்னும் கொஞ்சதூரந்தாம்மா" என்றேன். பின்சீட்டில் பக்கிரி பழைய மேஸ்திரியைப் போலப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தான். நானும் திரும்பி உட்கார்ந்து சிரித்துக்கொண்டு வந்தேன்.

செம்பவாங் பூங்காவின் வண்டி நிறுத்துமிடத்துக்குப் பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். சின்னையா தூங்கிவிட்டிருந்தார். மாலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. செல்வி எழுப்பியதும், "வந்தாச்சா?" என்று கேட்டார். ஒரு காலைக் கீழே வைத்தார். மறு காலை வைக்க முடியவில்லை. முகம் சாம்பல் நிறமாக இருந்தது.

"தூக்கிகிட்டுப் போயிரலாம்" என்றான் பக்கிரி.

"வேணாண்டா. நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்கேருந்தே பாத்துக்கிறேன்."

அங்கிருந்து பார்த்தால் மரங்களும் கழிப்பறைச் சுவரும்தான் தெரியும். அது அவருக்கும் தெரியும். செல்வி அவரை விட்டு வரமாட்டேன் என்றாள். மற்றவர்கள் கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டுப் படகுத்துறைக்கு நடந்தோம். பக்கிரி நுனியில் நின்று கைப்பேசியில் செல்வியை அழைத்துக் கடலையும் கிரேன்களையும் படமாகக் காட்டினான். "எல்லாம் பளபளன்னு தெரியுதுடா, நல்லா இருக்கு" என்று சின்னையா சொன்னது எனக்குக் கேட்டது. கைப்பேசித் திரையில் தெரிகிற முகம் யாருடையது என்றே அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான் பார்வை.

திரும்பும்போது மணியம் யாரையும் கேட்கவில்லை. சின்னையாவைப் பின்னால் சாய்ந்து படுக்க வைத்துவிட்டு, கிராஞ்சி பக்கமாக நேரே பூன் லேக்கு விட்டார். முப்பத்தைந்து நிமிடம். காலையில் அதே தூரத்துக்கு மூன்றே கால் மணி நேரம் அவரை ஊரைச் சுற்ற வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போகவில்லை. அங்கே நான் போய்ப் பார்க்கிறபோதெல்லாம் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடமும், வந்துபோகும் தாதிகளிடமும், "இவன்தான் என்னைய ராஜா மாதிரி முன்சீட்டுல வச்சு சிங்கப்பூர சுத்திக் காட்டுனவன்" என்று சொல்வார். கிண்டலாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலாம். மனதாரச் சொன்னார். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார்.

இனி வண்டி எடுக்கப் போகிறவர்களுக்கு. வண்டியைச் சொல்வதற்கு முன்னால், வருபவர்களில் யாருக்குத் தெம்பு குறைவு என்று பாருங்கள். அவரைக் கடைசியில் ஏற்றுங்கள், முதலில் இறக்குங்கள். மற்றவர்களை ஒரே இடத்துக்கு, ஏதாவது ஒரு ரயில் நிலையத்துக்கு, வரச் சொல்லுங்கள். நடக்க முடிந்தவர்கள் நடக்கட்டும். உயரமான முன்சீட்டு முட்டி வலிக்காரருக்கு ஆகாது. நடுவரிசையில், கதவுக்குப் பக்கத்தில், வெயில் படாத பக்கம் உட்கார வையுங்கள். சக்கர நாற்காலி ஏறுகிற வண்டியும் கிடைக்கிறது. ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும். மாலை போட ஆசையாக இருந்தால் வீட்டுக்குத் திரும்பிவந்த பிறகு போடுங்கள். ஓட்டுநர் வழியைப் பற்றி ஏதாவது சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். எங்களுக்கு ஆன செலவு எல்லாம் சேர்த்து முந்நூற்று முப்பது வெள்ளி.

காரியங்கள் முடிந்த பிறகு, ஒரு சனிக்கிழமை காலை, செல்வி என்னைக் கூப்பிட்டாள். "மாமா, அந்த இடத்த நீங்க காட்டுங்க" என்றாள். ரயிலில் செம்பவாங் போய், அங்கிருந்து பேருந்தில் பூங்காவுக்குப் போனோம். படகுத்துறையின் நுனி வரைக்கும் நடந்தோம். இரண்டு பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இடது பக்கம் கிரேன்கள் வரிசையாகத் தெரிந்தன.

"இதுல எது மாமா? அப்பா எங்க தொங்குனாரு?"

நான் கையைத் தூக்கினேன். எங்கே நீட்டுவது என்று தெரியவில்லை. பட்டறையில் நான் கப்பலுக்குள் இறங்கித் தொட்டி கழுவுகிறவன். அவர் கப்பலின் வெளிப்பக்கம் தொங்கிய நேரமெல்லாம் நான் அதே கப்பலின் வயிற்றுக்குள் இருந்தேன். மேஸ்திரி பெயர், கூலி, கப்பல்களின் நிறம் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் சின்னையா பலகையில் உட்கார்ந்து சாயம் அடித்ததை நான் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

செல்வி கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை, மெதுவாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். "பரவால்ல மாமா. எல்லாத்தையும் பாத்துக்கிறேன்" என்றாள்.