டைனமோவில ஓடின பைலா

இண்டைக்கு நயினாதீவு வள்ளத்தில, லண்டனில இருந்து வந்த ஒரு அண்ணை பழைய பாட்டு அல்பங்களை ஒவ்வொண்டாப் போனில போட்டுக்கொண்டு வந்தார்.

பக்திப் பாட்டு கொட்டாவி விட்டுது. துள்ளி ஆடுற பைலாப் பாட்டு செத்தவீட்டுக்குப் போற நடையில போச்சுது. இங்கிலீசு டிஸ்கோவுக்கு ஆடப்போனால் இடையில தேத்தண்ணி குடிச்சிட்டு வரலாம்.

எனக்குப் பொறுக்க ஏலாமல் போச்சுது. "அண்ணை, இதுகள் இப்பிடி இழுபடுற பாட்டுகள் இல்லை. தொண்ணூறில வேலணையில கேட்டனான்."

"தம்பி, இதுதான் ஒறிஜினல். நீர் எதில கேட்டனீர்?"

"சண்டைக் காலம். கறண்டும் இல்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிளை ஸ்ராண்டில விட்டு அக்கா மிதிப்பா. டைனமோவில கசற் ஓடும். அவ மிதிக்கிற வேகம்தான் பாட்டின்ர வேகம்."

மனுசன் விழுந்து விழுந்து சிரிச்சார். எனக்கு வந்த கடுப்பில அங்கையே அக்காவுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில போட்டன்.

"அக்கா, நீங்கள் மிதிச்ச வேகம்தானே சரி? இவருக்குச் சொல்லுங்கோ."

"எனக்கென்னடா தெரியும்? உன்ர கண்டறியாத பாட்டுகள் கெதியா முடிஞ்சு துலையட்டும் எண்டுதான் அந்த மிதி மிதிச்சனான்."

வள்ளமே சிரிச்சுது.

எண்டாலும் சொல்லுறன், ஒறிஜினல் ஒண்டுக்கும் உதவாது. அக்காவின்ர எரிச்சலில ஓடின பைலாதான் பைலா.

உங்கட வீட்டில ஆர் மிதிச்சது?