தொண்ணூற்றொன்பதுக்குப் போடாத கையெழுத்து

அவிநாசிபாளையத்து விஜயகுமாரிக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு. சாயப்பட்டறை ஆய்வகத்தில் பதினேழாவது வருடம். கடற்பாசியிலிருந்து எடுக்கும் பிசினுக்குக் கிருமியைக் கொல்லும் திறன் சொற்பம். அதில் அம்மோனியத் தொகுதியை இணைத்து நேர் மின்னூட்டம் ஏற்றினால், பாக்டீரியாவின் மேலுறையைப் பற்றிச் சிதைத்துவிடும். இதை நாற்பத்தாறு முறை செய்துபார்த்த பிறகே பனியன் துணியில் ஏற்றினார். எந்நேரமும் பிசினைக் காய்ச்சிக் கிண்டுவதால் பட்டறையில் அவருக்குப் பெயர் 'கொழம்பு அம்மிணி'.

"ருசி பாக்க வர்றீங்களா?" என்று திருப்பிக் கேட்பார் அவர்.

2024 மார்ச் 12, செவ்வாய். பட்டறை மெஷினில் ஓட்டி அனுப்பிய துணிக்குக் கோவை சோதனைக்கூடத்திலிருந்து முடிவு வந்தது: கிருமிகள் 99.4 சதவீதம் ஒழிந்தன. முதலாளி குமாரவேல் இனிப்பு வாங்கிவரச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அறிக்கை போகவேண்டும். விஜயகுமாரியின் கையெழுத்துதான் பாக்கி.

அந்த எண் அவரை உறுத்தியது. அவருடைய ஆய்வகத்தில் ஒருதரமும் தொண்ணூறைத் தாண்டியதில்லை. நேரே மெஷின் ஓட்டும் சென்னியப்பனிடம் போனார்.

"கடைசித் தண்ணியில என்னங்க போட்டீங்க?"

"எப்பவும் போடறதுதானுங்க, சாஃப்ட்னரு. அது போடாம இந்த ஊர்ல எவன் துணிய வெளிய விடுவான்?"

துணியை மிருதுவாக்கும் அந்த மருந்தைக் கடைசியில் ஊற்றும்படி திருப்பூரில் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. கை தானாக ஊற்றும். அந்த வகை சாஃப்ட்னரும் கிருமியைக் கொல்லும். ஆனால் சில சலவையில் போய்விடும்.

"கையெழுத்துப் போட மாட்டனுங்க," என்றார் முதலாளியிடம்.

"செத்த கிருமி எதனால செத்துதுன்னு யாரு அம்மிணி கேக்கப் போறாங்க?"

"நான் கேக்கறனுங்க."

"அப்ப வேற ஆளு போடுவான். நீங்க ஊட்டுக்குப் போலாம்."

"போறனுங்க. பத்து தரம் தொவச்சப்புறம் வேலை செய்யலீன்னு சரக்கு திரும்பி வந்தா, அந்த ஆளையே கேளுங்க."

கப்பலில் திரும்பி வந்த சரக்கைக் குமாரவேல் முன்பே பார்த்தவர். அறிக்கையை நிறுத்தினார், இனிப்பையும்.

சாஃப்ட்னர் மட்டும் போட்ட துணி ஒன்று, பாசிப்பிசின் மட்டும் ஏற்றியது ஒன்று. இரண்டையும் பத்து முறை துவைத்துக் கோவைக்கு அனுப்பினார் விஜயகுமாரி. மார்ச் 30 அன்று முடிவு வந்தது. சாஃப்ட்னர் 11.0. பாசி 86.2.

குமாரவேல் அறிக்கைத் தாளை வாங்கிப் பார்த்தார். "தொண்ணூறுன்னு போட்டுக்கலாமா அம்மிணி? ஒரு மூணு நாலுதானே!"

"எண்பத்தாறு புள்ளி ரெண்டுங்க," என்று விஜயகுமாரி தாளைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்திட்டார்.