ஓடும்போது தெரிந்த முகம்

2005 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். பூத்தில் இரண்டு பாக்கெட் பால் வாங்கி வந்தேன். மழை விட்டிருந்ததால் ஸ்கூட்டரைத் துடைத்தேன். வாரத்துக்கான சட்டைகளைத் தேய்த்து மாட்டினேன். இட்லி சாப்பிட்டுவிட்டுப் பேப்பர் பார்த்தேன். கடலூரில் என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இந்த வரிசையில்தான் நடந்தன. அன்று கூடுதலாக இருந்தது ஒன்றுதான். ஒன்பது மணிக்கு என் நண்பன் வருவதாகச் சொல்லியிருந்தான்.

அலுவலகத்தில் அவனுக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. வெவ்வேறு சாதி என்றாலும் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவன் கடலோரக் குப்பத்துக்காரன். முந்தைய டிசம்பரில் அலை வந்த காலையில் அவன் டவுனுக்குக் கறி வாங்கப் போயிருந்தான். மனைவி வீட்டில் இருந்தாள். திரும்பிப் போனபோது வீடு இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது. கல்யாண ஆல்பம், பீரோ, வாக்காளர் அட்டை எதுவும் மிஞ்சவில்லை. அவள் பிறந்த வீடும் அதே கரையில்தான். ஆகவே அங்கும் ஒன்றும் இல்லை. அதன்பின் குப்பத்துக்காரர்கள் எல்லோரும் அரசாங்கம் போட்டுக் கொடுத்த தகரக் கொட்டாய்களில் இருந்தார்கள்.

வருகிற இருபத்தாறாம் தேதி, முதல் வருஷத்துக்கு, ஒவ்வொரு கொட்டாயிலும் போனவர்களின் படத்தை வைத்து மாலை போடுவதாக முடிவு செய்திருந்தார்கள். நவம்பரில் ஒருநாள் டீ குடிக்கும்போது அவன் சொன்னான்:

"எல்லாரு கொட்டாயிலயும் படம் மாட்டுவாங்க மச்சான். நான் ஆணி மட்டும் அடிச்சி வச்சிருக்கேன்."

சிரிப்பது போலத்தான் சொன்னான். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "ஒன் தங்கச்சி கல்யாணத்துக்கு நாங்க ரெண்டு பேரும் சிதம்பரம் வந்தமே, வீடியோ எடுத்தாங்க இல்ல?" என்று கேட்டான்.

எடுத்தார்கள். அந்தக் கேசட் சிதம்பரத்தில் தங்கை வீட்டில் இருந்தது. டிசம்பர் முதல் ஞாயிறு பஸ் பிடித்துப் போனேன்.

"இப்பதான் ஒனக்கு எங்கல்யாணத்தப் பாக்கணும்னு தோணுச்சாண்ணே?" என்றாள் தங்கை. "டெக்கு பரண்ல கெடக்குது, எலி குடும்பம் நடத்துது. கேசட்டும் முழுசா இல்ல. நலங்குக்கு மேல ஒங்க மாப்ள கிரிக்கெட்ட பதிஞ்சி வச்சிட்டாரு. நான் வெக்கப்பட்டுக்கினு உக்காந்திருக்கேன், அடுத்த நிமிஷம் ஒருத்தன் அவுட்டாயிப் போறான்."

"அன்னிக்கு அவுட்டானது நான்தாம்மா" என்றார் மாப்பிள்ளை, உள்ளே இருந்து.

யாருக்காகக் கேட்கிறேன் என்று சொன்னதும் இருவரும் சிரிப்பை நிறுத்தினார்கள். தங்கை கேசட்டை முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். "அந்த அக்கா எனக்குக் குங்குமச்சிமிழ் குடுத்தாங்க. மேடையில லைட்டு அடிச்சதும் மொகத்த மூடிக்கினாங்க" என்றாள். நான் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஆண்டுதான் நான் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தேன். என்னிடமிருந்த பழைய வீடியோ டெக்கிலிருந்து படத்தை உள்ளே எடுக்கும் கார்டு ஒன்றும் போட்டிருந்தேன். பதிவைத் தொடங்கும் முன் அந்த மென்பொருள் கேட்கும் முதல் கேள்வி, எந்த வடிவத்தில் என்பதுதான். விசிடி என்றால் சின்னதாகச் சுருக்கிவிடும், எந்த பிளேயரிலும் ஓடும். டிவிடி என்றால் தெளிவு கூடும், பிளேயர் விலை அதிகம். ஏவிஐ என்றால் ஏறக்குறைய சுருக்காமலே எடுக்கும், சில நிமிஷங்களிலேயே வன்தட்டை அடைத்துக்கொள்ளும், கம்ப்யூட்டரில் மட்டும்தான் பார்க்கலாம். இதையெல்லாம் விசாரித்து டைரியில் எழுதி வைத்திருந்தேன். ஒழுங்காகச் செய்தால் ஒரு நல்ல படம் கிடைத்துவிடும் என்று நம்பினேன்.

நண்பன் ஒன்பதுக்கு வந்தான். காபியைக் கையிலேயே வைத்திருந்தான், குடிக்கவில்லை. கேசட்டை ஓடவிட்டேன். வீடியோக்காரர் சத்தத்தின் மேல் முழுக்க சினிமாப் பாட்டைப் போட்டிருந்தார். யார் குரலும் இல்லை. மாலை மாற்றி, தாலி கட்டி, பரிசு கொடுக்கிறவர்கள் வரிசை வந்தது. திடீரென்று, "இரு, இரு. அதோ" என்றான்.

இடது பக்கத்திலிருந்து மேடையேறினாள். பச்சைப் புடவை. பக்கத்தில் இவன், மீசையோடு, ஒல்லியாக. தங்கையின் கையில் சிமிழைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். வெளிச்சம் முகத்தில் அடித்தது. சிரித்துக்கொண்டே கையைத் தூக்கி மறைத்து, தலையைத் திருப்பி, இவன் தோளுக்குப் பின்னால் போய்விட்டாள். சில விநாடிகள்தான்.

அவன் காபியை மேசையில் வைத்தான். "அவளுக்கு லைட்டு புடிக்காது" என்றான்.

அந்த இடத்தை முதலில் விசிடியாக எடுத்தேன். எல்லோரும் செய்வது அதுதான். ஓடியபோது பரவாயில்லை. நிறுத்திப் பெரிதாக்கினால் முகம் இருந்த இடத்தில் பழுப்புக் கட்டங்கள். அடுத்து டிவிடி வடிவம். கட்டங்கள் சிறிதாயின, முகம் வரவில்லை. ஏவிஐக்கு இடம் வேண்டி என் பழைய கோப்புகளை அழித்து அதிலும் எடுத்தேன். கட்டங்கள் போய்விட்டன. ஆனால் நிறுத்தியதும் அவள் சீப்புப் பல்போலக் கோடுகோடாகப் பிரிந்தாள். அசைகிற எதுவும் அப்படித்தான் பதிவாகியிருந்தது. கோடுகளைச் சேர்க்கும் வசதியையும் போட்டுப் பார்த்தேன். முகம் இழுபட்ட சாயம்போல ஆனது.

ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். ஒன்றில் கை. ஒன்றில் கன்னம் மட்டும். ஒன்றில் கண் மூடியிருந்தது. எல்லாவற்றிலும் பக்கத்தில் அவன் மட்டும் அசையாமல் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தான், சட்டைப் பையில் இருந்த பேனா உட்படத் தெளிவாக.

"கல்லு மாரி நிக்கிறேன் பாரு" என்றான். "எனக்கு மாலை போடணும்னா எத்தினி படம் வேணா இருக்கு."

சிதம்பரத்தில் அந்தக் கல்யாணத்தை எடுத்த ஸ்டூடியோக்காரருக்குப் போன் செய்தேன். அசல் கேசட்டுகளை அப்போதே அழித்துத் திரும்பப் பயன்படுத்திவிட்டதாகச் சொன்னார். "ஒரு ஃபிரேம் ஒழுங்கா இருந்தா குடுங்க சார், மீதிய நான் பாத்துக்கிறேன். ஒண்ணுமே இல்லாம நான் வரைஞ்சா அது வேற பொம்பளையா ஆயிடும்."

அதை அப்படியே அவனிடம் சொன்னேன். தலையாட்டினான். "ஓட வுடு" என்றான். ஓடவிட்டேன். அவள் ஏறினாள், கொடுத்தாள், சிரித்தாள், மறைந்தாள். ஓடுகிறபோது சந்தேகமே இல்லை, முழு முகம் தெரிந்தது. நிறுத்தினால் இல்லை. இதற்கு நான் என்ன செய்ய முடியும்? தேர்ந்தெடுக்க இருந்த எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துப் பார்த்தாகிவிட்டது.

"கொட்டாய்ல எல்லாருக்கும் பொதுவா ஒரு டிவியும் சிடி பிளேயரும் குடுத்திருக்காங்க. அதுல இது ஓடுமா?"

"இந்தப் பெரிய ஃபைல் ஓடாது. டிவிடியும் ஓடாது."

"விசிடி?"

"ஓடும். ஆனா மொகம் பாத்தியே."

"அதையே போடு."

போட்டேன். அவன் எழுந்து, திரையைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து சமையலறை வாசலில் போய் நின்றான். அங்கிருந்தே பார்த்தான். "இங்கேருந்து பாத்தா அவதான் மச்சான்" என்றான். பிறகு ஓரடி முன்னால் வந்தான். இன்னொரு அடி. நின்றுவிட்டான். "போயிட்டா" என்றான். மறுபடி பின்னால் போனான். மறுபடி போடச் சொன்னான். எத்தனை முறை போட்டேன் என்று டைரியில் எழுதவில்லை.

மத்தியானம் சாப்பிடச் சொன்னேன். மறுத்துவிட்டான். விசிடி வேண்டுமா என்று கேட்டதற்கு, "படம்னா ஆணியில மாட்டிட்டு சும்மா இருக்கலாம். இத யாராவது போட்டுக்கினே இருக்கணும்" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு, "நாளைக்கு ஆபீஸ்ல சொல்றேன்" என்று கிளம்பினான். தெருமுனையில் ஷேர் ஆட்டோ ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குள் வந்து டெக்கின் வயர்களைச் சுற்றி வைத்தேன். வேறு வேலை எதுவும் ஓடவில்லை.

மறுநாள் திங்கள். எழுந்ததும், பால் வாங்கப் போவதற்கும் முன்னால், கம்ப்யூட்டரைப் போட்டேன். அந்தச் சில விநாடிகளையே திரும்பத் திரும்ப, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு சிடி நிறையும்வரை ஒட்டினேன். எந்த வடிவம் என்று அது கேட்டது. விசிடி என்றே கொடுத்தேன்.