ஜெயசித்ராவின் பத்தியம்

பாகூர்ப் பக்கம் காதுகுத்து என்றால் கறிக்குழம்பு வைக்க ஜெயசித்ராவைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கறியில் ஒரு துண்டைக்கூட அவள் தின்னக் கூடாது என்பதுதான் கொடுமை.

இரண்டாவது பிரசவம் முடிந்த வாரத்தில் அவளுக்குப் புத்தி தடுமாறியது. பேய் என்று வேப்பிலை அடித்தார்கள் புண்ணியவான்கள். ஆஸ்பத்திரியில்தான் உண்மை தெரிந்தது. புரதம் செரித்த பிறகு சேரும் அமோனியாவை வெளியேற்ற அவள் உடம்புக்குப் பிறவியிலேயே தெம்பு குறைவு; பிரசவத்தை ஒட்டி அது எகிறி மூளையைத் தாக்கியிருந்தது. கறி, மீன், முட்டை கூடாது. பருப்பும் தயிரும் அளவோடு. கூடவே தினமும் ஒரு சத்துப் பவுடரைக் கரைத்துக் குடிக்க வேண்டும்.

பத்தியம் என்றால் குறைக்கக் குறைக்க நல்லது என்பது நம் ஊர் நினைப்பு. ஜெயசித்ரா பருப்பை நிறுத்தினாள், தயிரை நிறுத்தினாள், நாற்றம் குடலைப் பிடுங்குகிறது என்று பவுடரையும் நிறுத்தினாள். வெறும் ரசஞ்சோறுதான். கறி ஆக்குகிறவளுக்கு ரசஞ்சோறா என்று கேலி செய்தவர்கள் முன்னால் அதையே வீம்பாக உட்கார்ந்து சாப்பிட்டாள். அந்த வீம்பு எனக்குப் பிடிக்கும்.

பிறகு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வாயோரம் புண் ஆறவே இல்லை. சேலியமேட்டுக் காதுகுத்தில் குழம்பு உப்புக் கரித்து, பாதிப் பந்தி இலையை மூடிவிட்டு எழுந்து போனது.

சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர் அவள் புருஷனின் அண்ணன் பக்கிரி. அவர் எகிறினார்.

"இன்னாமா இது? நாக்கு செத்துப்பூட்ச்சா? பத்தியத்த உட்டுட்டு தெனம் ரெண்டு துண்டு கறி துன்னு. இல்ல, கரண்டிய வேற ஆள்கிட்ட குடு."

"ரெண்டும் முடியாது மாமா."

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரத்தத்தைப் பார்த்த டாக்டரம்மா கத்தினார்.

"நான் சொன்னதைவிடக் குறைக்கச் சொன்னது யாரும்மா? உடம்புல ஜிங்க் சத்து சுத்தமா இறங்கிடுச்சு. அதான் முடி கொட்டுது, ருசி தெரியல. பத்தியத்த விடாதே. ஆனா அளவு சொன்னதையெல்லாம் சாப்பிடு, பவுடரைக் குடி."

ஜிங்க் மாத்திரையும் கொடுத்தார். ருசி திரும்பச் சில வாரம் ஆகுமாம்.

அடுத்த விசேஷம் குருவிநத்தத்தில். பக்கிரி வேறொரு சமையல்காரரோடு வந்து இறங்கியபோது ஜெயசித்ரா அடுப்பு மூட்டிக் கறியை வதக்கிக்கொண்டிருந்தாள்.

"ருசி வந்துட்ச்சா?"

"வரல."

எல்லோரும் பார்க்க, அளந்து கொண்டுவந்த பருப்புச் சோற்றைச் சாப்பிட்டாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு பவுடரைக் குடித்தாள். குழம்பு கொதித்ததும் ஒரு கரண்டி மொண்டு பக்கிரியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கறி துன்ற நாக்கு ஒங்களோடதுதானே மாமா? உப்பு பாத்து சொல்லுங்க. எனக்கு ருசி வர்ற வரிக்கும் ஒங்களுக்கு இதான் வேல."

வந்த சமையல்காரர் சிரித்துவிட்டார். பக்கிரி உறிஞ்சிப் பார்த்தார்.

"உப்பு இன்னும் கொஞ்சம் போடுமா," என்றார்.