சுவாதிக்குக் கத்திரிக்காய் பிடிக்காது

ஆலத்தியூரில் சுவாதி என்று ஒரு வாலு இருந்தாள். வாலு என்றால் சாதாரண வாலு இல்லை. அப்பா மணிவண்ணன் சுண்ணாம்புக்கல் லாரியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும், அதன் மேல் படிந்த வெள்ளைப் புழுதியில் விரலால் தன் பெயரை எழுதிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். மறுநாள் அந்தப் பெயரோடுதான் லாரி சிமெண்ட் ஆலைக்குப் போகும். துடைக்க அவனுக்கு மனசு வராது.

ஒருமுறை கல்லங்குறிச்சிக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே பெருமாள் சிலையாக இல்லாமல் கல் கம்பமாக நிற்கிறார். "சாமிக்கு மூஞ்சியே காணோமேம்மா, நம்மள எப்பிடிப் பாக்கும்?" என்று கூட்டத்துக்கு நடுவே கேட்டு வைத்தாள். மணிவண்ணனின் அக்கா சம்பூர்ணம் வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். அந்த அத்தைக்கு 'ஏர் ஹாரன்' என்று பட்டம் வைத்தவளும் இவள்தான். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு ஒரே ஓட்டமாக ஓடிவிடுவாள்.

ஒன்றாம் வகுப்பு படிக்கையில் மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளை திரும்பி வரவில்லை. அதை நீட்டிச் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது? அவள் வாழ்ந்ததைச் சொன்னால் போதும்.

அந்த வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. கல்யாணமாகாமல் இறந்துபோன பெண்பிள்ளை பூவாடைக்காரியாக இருந்து வீட்டைக் காப்பாள். ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கலசம் வைத்து, புதுப் பாவாடை சட்டை, வளையல், பூவெல்லாம் வைத்துப் படைப்பார்கள். படைத்த துணியை வீட்டில் ஒரு சிறுமி உடுத்திக்கொள்ள வேண்டும். சம்பூர்ணம் முன்னின்று நடத்தினாள். படையலில் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, அழக் கூடாது, விளையாட்டுப் பேச்சு பேசக் கூடாது என்று சட்டமும் போட்டாள். எல்லாம் தம்பி பிள்ளை மேல் வைத்த பாசம்தான், வேறென்ன!

சுவாதியின் அம்மா வெற்றிச்செல்விக்கு அதுதான் ஆறவில்லை. சாமியாக்கிக் கும்பிடுகிறார்கள், சரி. தன் பிள்ளை எங்கே போனாள்? கம்பத்தைப் பார்த்து மூஞ்சி எங்கே என்று கேட்டவளையே மூஞ்சியில்லாத கலசமாக்கி உட்கார வைத்துவிட்டார்களே! அவள் அடித்த லூட்டியை யாராவது ஒருத்தர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்களா என்று தவித்தாள். மணிவண்ணனோ அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து லாரிப் பக்கம் போய்விடுவான். இப்படியே விட்டால் சுவாதி என்று ஒருத்தி இருந்ததே ஊருக்கு மறந்துபோகும் என்று பயந்தாள்.

அதனால் யாருக்கும் சொல்லாமல் ஒன்று செய்தாள். படையல் துணியை வருஷா வருஷம் ஒரு அளவு பெரிதாக எடுத்தாள். வீட்டில் உடுத்தச் சிறுமி இல்லாததால் எல்லாம் மடித்தபடி பெட்டிக்குள் போயின. யாரும் கவனிக்கவில்லை.

இந்த ஆடியில் சம்பூர்ணம் துணியை விரித்துப் பார்த்துவிட்டாள்.

"என்னாடி வெற்றி இது? அஞ்சாவது படிக்கிற புள்ளைக்கு எடுக்கிற சைசுல்ல?"

"அவ இருந்தா அஞ்சாவதுதான் அண்ணி."

"அடிப் பைத்தியக்காரி, சாமிக்கு ஏதுடி வயசு?"

வெற்றிச்செல்வி துணியை வாங்கி மடித்துக் கலசத்துக்கு முன்னால் வைத்தாள்.

இலை போட்டாயிற்று. சர்க்கரைப் பொங்கல், வடை, கத்திரிக்காய் கூட்டு. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அனிதா கதம்பம் கொண்டுவந்து கொடுத்தாள். ஒன்றாம் வகுப்பில் சுவாதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள். இலையைப் பார்த்ததும் அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஐயய்யே, சுவாதிக்குப் போயி கத்திரிக்கா வச்சிருக்கீங்க? சத்துணவுல போட்டா எல்லாத்தையும் என் தட்டுலல்ல தள்ளுவா! டீச்சர் பாத்தா, 'அனிதாதான் கேட்டா டீச்சர்'னு புளுகுவா!"

பேரைச் சொல்லிவிட்டாளே! சம்பூர்ணம் திரும்பி முறைத்தாள்.

மூலையில் நின்ற மணிவண்ணன்தான் முதலில் சிரித்தான். சிரித்தவனுக்குக் கண்ணும் நிறைந்துவிட்டது. "வூட்டுலயும் அதே கதைதான். எனக்குக் கட்டுற சோத்துல ஒளிச்சு வச்சிருவா. குவாரியில போயித் தொறந்தா, அவ பங்குக் கத்திரிக்காயும் எனக்குத்தான்."

"அதான் அவ தட்டு அவ்ளோ சுத்தமா இருந்துச்சா! நான் அவளே தின்னுட்டான்னுல்ல நெனச்சேன்!" என்றாள் வெற்றிச்செல்வி. தன் பிள்ளையைப் பற்றித் தனக்கே தெரியாத ஒன்று இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்திருக்கிறது. அழுகையும் சிரிப்புமாக வந்தது.

எல்லோரும் சம்பூர்ணத்தைப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எனக்கு ஏர் ஹாரன்னு பேரு வச்சாளே, அத ஏன்டா யாரும் சொல்ல மாட்டேங்கிறீங்க?" என்று அழுதேவிட்டாள். அவள் போட்ட சட்டத்தை அவளே உடைத்தாள். பிறகு குனிந்து, இலையில் இருந்த கூட்டை வழித்துக் கிண்ணத்தில் போட்டாள்.

"அவளுக்கு என்னாடி வெற்றி புடிக்கும்?"

"சின்ன வெங்காயம் போட்டு முறுகலா தோச."

"ஊத்துடி போயி!"

தோசை வந்தது. சம்பூர்ணம் சூடத்தைக் கொளுத்தி, நாலு தெருவுக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டாள்: "அடியே சுவாதி! தோச ஆறுது, வாடி!"

படையல் முடிந்ததும் புதுப் பாவாடை சட்டையை அனிதாவிடம் சம்பூர்ணமே கொடுத்தாள். உள்ளே போய் உடுத்திக்கொண்டு வந்த அனிதாவுக்கு அது அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. வெற்றிச்செல்வி பக்கத்தில் போய்க் காலரைச் சரிசெய்தாள். தோளைத் தொட்ட கையை உடனே எடுக்கவில்லை. இவ்வளவு உயரம் இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

"என்னாடி பாத்துக்கிட்டே நிக்கிற?" என்றாள் சம்பூர்ணம். "அடுத்த வருசம் இன்னும் ஒரு சைசு கூட்டி எடு. புள்ளைங்க வளருதுல்ல!"