சாவியும் தார்ப் பேணியும்

என் கணவர் ஸைனுலாப்தீனைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய மூக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். அடுத்த வீட்டு அடுப்பில் என்ன கறி என்று எங்கள் வீட்டில் இருந்தபடியே சொல்லிவிடுவார். அது அடிப்பிடித்துவிட்டது என்று தெரிந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இன்னும் ஒரு பிடி கூடுதலாக இறங்கும். பிறர் நன்றாக இருப்பதைப் பொறுக்காத மனிதர் என்று ஊர் சொல்லும். அது பிழை. பிறர் நன்றாக இருக்கலாம். அவரைவிட ஒரு படி கீழே நின்றுகொண்டு நன்றாக இருக்கலாம், அவ்வளவுதான்.

கல்முனைக்குடியில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். உம்மா ஒரே வளவுக்குள் எனக்கு ஒரு வீடும் என் தங்கை சபூறாவுக்கு ஒரு வீடும் கட்டினார். நடுவில் கிடுகு வேலி. தெருப் பக்கமாக, வாப்பா விட்டுப்போன நெல் மில். வாப்பா மவுத்தான பிறகு அதை ஓட்டியவர் என் கணவர். மில் சாவி அவர் சாரனுக்கு மேல் கட்டும் பச்சை வாரில் தொங்கும். ஜும்ஆவுக்குப் போகும்போதும் அதைக் கழற்றமாட்டார். பள்ளிவாசல் படியில் ஏறும்போது அது கிணுங்குவது நாலு பேருக்குக் கேட்க வேண்டும்.

எழுபத்தெட்டுச் சூறாவளி ஊர்த் தென்னைகளையெல்லாம் படுக்கப் போட்டது. அதற்குப் பின்னால் வந்த காலத்தில் மண்ணெண்ணெய் விலை ஏறியது, பிறகு காசு கொடுத்தாலும் கிடைக்காமல் போனது. மில் இஞ்சினுக்கு மண்ணெண்ணெய்தான் தீனி. மில் வாயை மூடிக்கொண்டது. சபூறாவுக்குக் கல்யாணம் நடந்ததும் அந்த நேரத்தில்தான். மாப்பிள்ளை சாலிஹ், மருதமுனை நெசவு வீட்டுப் பிள்ளை. தறி, றேடியோ, சைக்கிள் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் கழற்றிப் பூட்டுகிற ஆள். ஒருநாள் ஓர் எண்ணெய்ப் பீப்பாயை உருட்டிக்கொண்டு வளவுக்குள் வந்தான்.

காற்றைக் குறைத்து விறகைப் புகைய விட்டால் அந்தப் புகையே எரியும், அதைக் கொண்டு இஞ்சினை ஓட்டலாம் என்றான். உலக யுத்த காலத்தில் லொறிகளே அப்படி ஓடினவாம். பீப்பாய்க்குள் ஒரு சின்னப் பீப்பாயை இறக்கினான். உடைந்த லொறி ஒன்றின் புகைக்குழாயைப் பொருத்தினான். புகையை வடிக்கத் தென்னந்தும்பும் உமியும் அடைத்த தகரப் பெட்டி ஒன்று. ஒழுகும் இடத்திலெல்லாம் களிமண் பூச்சு. விறகுக்குப் பஞ்சமில்லை, சூறாவளி முறித்த மரங்கள் ஊரெல்லாம் கிடந்தன.

"புகையில இஞ்சின் ஓடுமெண்டா, உன்ட உம்மாட குசினி இந்நேரம் கொழும்புக்கு ஓடியிரிக்கோணும்" என்றார் என் கணவர். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

இஞ்சின் ஓடியது. கொஞ்சம் பெற்றோல் விட்டுக் கிளப்பினான், புகைக்குழாயைத் திறந்தான், பெற்றோலை நிறுத்தினான். இஞ்சின் இருமியது, தடுமாறியது, பிறகு பிடித்துக்கொண்டது. மில்லின் பட்டி சுழன்றது. உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அடுத்த நாளே நெல்லுக் கடகங்களோடு பெண்கள் தெருவரைக்கும் நின்றார்கள்.

"மூத்த மருமகன், சாவியச் சாலிஹுட்டக் குடுங்க. அவன்தானே தீ மூட்ட வெள்ளெனவே வாறான்" என்றார் உம்மா.

அவர் கழற்றிக் கொடுத்தார். அன்று முழுக்க அவர் கை இடுப்பில் அந்த இடத்தையே தடவிக்கொண்டிருந்தது. "இந்தச் சாவி திரும்ப இந்த வாருக்கு வராம நான் மவுத்தாக மாட்டன், நாச்சியா" என்றார். நான் ஆமீன் சொன்னேன்.

ஏன் சொல்லமாட்டேன்? அதுவரை ஊர்ப் பெண்கள் 'மில்காரப் புள்ள' என்று கூப்பிட்டது என்னை. இப்போது அந்தப் பெயர் சபூறாவுக்குப் போய்விட்டது. கால் நிலத்தில் படாமல் நடந்தாள். அவள் தலையில் கொஞ்சம் தவிடு ஒட்டியிருந்தால் அதைக்கூடத் தட்டாமல் நகை போல வைத்துக்கொண்டு வேலியோரம் வருவாள். எனக்கு வயிறு எரிந்தது. கூடப் பிறந்தவளென்றால் இன்னும் நன்றாக எரியும்.

அவர் வேலியில் ஒரு ஓட்டை போட்டுக்கொண்டார். காலை முழுக்க அதில் மூக்கு. வடிகட்டும் பெட்டியைச் சாலிஹ் கழுவும்போது கறுப்பாகக் களி மாதிரி வடியும் தாரையும், குழாயின் அடியில் சொட்டும் புளித்த தண்ணீரையும், பீப்பாயின் அடியில் மிஞ்சும் கரியையும் கண்டார். சாலிஹ் அவற்றை வேலியோரமாகக் கொட்டுவான். இவர் போய் அள்ளி வருவார். தாரைப் பால்மாத் தகரப் பேணிகளில் நிறைத்தார், தண்ணீரைப் போத்தல்களில் விட்டார், கரியைச் சாக்கில் கட்டினார். எல்லாம் சாட்சியாம். உம்மாவின் இஞ்சினுக்குள் எவ்வளவு ஊத்தை போகிறது என்று காட்டச் சாட்சி.

அந்தப் புகை பொல்லாதது, மூடின இடத்தில் ஆளையே கொன்றுவிடும் என்று சாலிஹ் எல்லோருக்கும் சொல்லியிருந்தான். இவர் கேட்பாரா? மில்லின் பின்புறம் குழாய் ஒழுகுகிறதா என்று மூக்கை வைத்துப் பார்க்கப்போய் அங்கேயே சாய்ந்துவிட்டார். சாலிஹ்தான் தூக்கிக்கொண்டு கடற்காற்று படும் இடத்தில் கிடத்தினான். கண் திறந்ததும் இவர் சொன்ன முதல் வார்த்தை: "அவன்ட புகையாலதான் விழுந்தன். அவனே தூக்கி அவனே பேரெடுக்கான்!"

எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் சாட்சிகளையெல்லாம் சுமந்துபோய் உம்மாவின் முன்னால் வைத்தார். உம்மா ஒரு பேணியைத் திறந்து முகம் சுளித்தார்.

"மருமகன், இந்தப் பொறாம, ஹஸது கூடாது. நெருப்பு விறகத் தின்ற மாதிரி அது நம்மட நன்மையெல்லாம் தின்னுப்போடும் எண்டு லெப்பை சொன்னத்தக் கேக்கல்லயா?"

"அவன்ட நெருப்பு விறக எங்க மாமி முழுசாத் தின்னுது? பாதியக் கக்கிப் போடுதே! இஞ்ச பாருங்க!"

"அரிசி வெள்ளையா வருதா இல்லையா?" என்று கேட்டுவிட்டு உம்மா உள்ளே போனார். வழக்குத் தள்ளுபடி.

சாட்சிகள் எங்கள் முற்றத்தில் வரிசையாகக் கிடந்தன. கோபத்தில் இவர் ஒரு போத்தல் புளித்த தண்ணீரை வேலிக்கட்டையில் விசிறி ஊற்றினார். அந்தக் கட்டையைத் தின்றுகொண்டிருந்த கறையான் இடம் மாறிப் போனது. அதைக்கூட இவர் கவனிக்கவில்லை, நான்தான் காட்டினேன். பிறகு ஒருநாள் தோணிக்காரர் பக்கீர் எங்கள் வாசலோடு போனவர் நின்றார்.

"என்னகா இது, தாரா? தோணிக்கு அடியில பூச ஒரு பேணி தாங்களன்."

ஒரு பேணி போனது. அடுத்த கிழமை கடற்கரையிலிருந்து பலர் வந்தார்கள். தறிக்கால்களைக் கறையான் அரிக்கிறதென்று மருதமுனையிலிருந்து வந்து புளித்த தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கினார்கள். கரியை இஸ்திரிப் பெட்டிக்காரரும் தட்டாரும் கொண்டுபோனார்கள். வீட்டில் வாரத்துக்கு ஒருமுறை இறைச்சி மணத்தது. அது சபூறாவின் வீட்டுக்கு மணக்கட்டும் என்று நான் அடுப்பை வேலிப்பக்கமாக நகர்த்தினேன்.

இவருடைய மூக்குக்கு அப்போதுதான் வேலை கிடைத்தது. சிரட்டை போட்டால் தார் குறைவு, கரி நல்லது, பால்வடியும் மரம் போட்டால் தார் கொட்டும் என்று மோந்தே பிடித்தார். பிறகு சாலிஹுக்கு விறகு கொண்டுவந்து கொடுக்கும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டார். தார் கொட்டும் மரங்களாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தார். சாலிஹ் இஞ்சின் வால்வுகளில் ஒட்டிய தாரைச் சுரண்டியே களைத்துப்போனான். "காக்கா எனக்கு எவ்வளவு உதவி" என்று, இவரைக் கூடப் பிறந்த அண்ணனாகவே எண்ணி, சபூறாவிடம் சொல்வானாம். ஒரு கல்லில் இரண்டு மாங்காய் அடித்த மனிதர் என் கணவர். ஆனாலும் ராத்திரிச் சோற்றுக்கு இருக்கும்போது, சாலிஹின் இடுப்பில் சாவி கிணுங்கும் சத்தம் வேலி தாண்டி வந்தால், பிசைந்த கை நின்றுவிடும்.

எண்பத்து நாலில் மில்லுக்குக் கரண்ட் எடுத்தோம். புது மோட்டர் வந்து இறங்கிய அன்று உம்மா இரண்டு மருமகன்மாரையும் கூப்பிட்டார். நானும் சபூறாவும் ஆளுக்கொரு கதவடியில் நின்றோம்.

"இனித் தீ மூட்டத் தேவல்ல, சுவிச்சத் தட்டினாப் போதும். மூத்தவர் இரிக்கக்குள்ள இளயவனுட்டச் சாவி இரிக்கிறது அழகில்ல. சாலிஹ், குடு மனே."

சாலிஹ் கழற்றிக் கொடுத்தான். பீப்பாயைப் பழைய இரும்புக்குப் போடப்போவதாக மட்டும் சொன்னான். சபூறாவின் முகம் வாடியதைப் பார்த்தேன். எனக்குள் பெருநாள் பிறை தெரிந்தது. எத்தனை வருசத்து ஆமீன் அது!

என் கணவர் சாவியைக் கையில் வாங்கினார். வாரில் மாட்டப்போனார். மாட்டவில்லை. மூக்கைத் தூக்கினார். மில் பக்கமிருந்து, ஆறிப்போன பீப்பாயின் தார் வாடை வந்துகொண்டிருந்தது.

"மாமி, சாவி அவனுட்டயே இரிக்கட்டும். அந்தப் பீப்பாய எனக்குத் தாங்க."

"உங்களுக்குப் பைத்தியமா?" என்று நான் கதவடியிலிருந்தே கத்திவிட்டேன். உம்மா என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். சாலிஹ் வாயைப் பிளந்தபடி சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டான். ஒரு வாரம் நான் அவருடன் கதைக்கவில்லை.

அந்த ஒரு வாரத்தில் பீப்பாயை எங்கள் பக்கத்தில் நட்டார். நெருப்புக்குக் காற்று ஊதக் கொல்லனிடம் கையால் சுற்றும் காற்றாடி ஒன்று வாங்கிப் பூட்டினார். தார் ஒரு பக்கம் வடிந்தது, புளித்த தண்ணீர் ஒரு பக்கம் சொட்டியது. மிஞ்சிய புகை வீணாய்ப் போகிறதே என்று, திறந்த முற்றத்தில் எனக்கு ஒரு அடுப்புக் கட்டி, ஒரு குழாயை அதற்குள் விட்டார். குச்சியைக் காட்டியதும் நீலச் சுடர் எழுந்தது. ஊதத் தேவையில்லை, கண் எரியவில்லை, சட்டியில் கரி பிடிக்கவில்லை. கல்முனைக்குடியில் எந்த வீட்டிலும் இல்லாத அடுப்பு. நான் கதைக்கத் தொடங்கினேன்.

மறுபக்கத்தில் சாலிஹ் காலையில் சுவிச்சைத் தட்டுவான், பின்னேரம் தட்டுவான். இடையில் செய்ய ஒன்றுமில்லை. ஒருநாள் வேலிப் பக்கம் சரசரத்தது. என் கணவர் போட்ட அதே ஓட்டையில், இப்போது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மூக்கு.

"காக்கா, உள்ளுக்கு என்ன விறகு போட்டிரிக்கிங்க? வாசம் வேறயா இரிக்கி."

இவர் ஒரு கையால் இடுப்பில் வெறுமையான இடத்தைத் தடவிக்கொண்டு, மறு கையால் தார்ப் பேணியின் மூடியை அழுத்தி மூடினார். சாலிஹுக்குப் பின்னால், எட்டிப் பார்த்துக்கொண்டு சபூறா நின்றாள். அவள் கண் என் அடுப்பில் இருந்தது.

நான் காற்றாடியை எட்டிப் பிடித்துச் சுற்றி, சுடரை இன்னும் கொஞ்சம் உயர்த்தி வைத்தேன்.