ஏரிக்கரைக் கோயிலில் இரண்டு மணி நேரம்

பத்து வயதில், மேற்கு மாம்பலத்திலிருந்து இங்கிலாந்து வரை போய் நான் பார்த்தது பெரும்பாலும் சித்தி வீட்டுச் சமையலறையைத்தான். பள்ளி விடுமுறைக்கு அம்மாவும் நானும் போயிருந்தோம். சித்தப்பாவுக்கு வெளியே சுற்றுவது பிடிக்காது. சித்தி சுற்றுவது இன்னும் பிடிக்காது.

ஊர் திரும்ப மூன்று நாள் இருந்தபோது, பழைய பிரபு ஒருவரின் பூங்காவில் கோயில் இருக்கிறதாம், அக்காவும் தங்கையுமாகக் கும்பிட்டு வருகிறோம் என்று அம்மா கேட்டாள். சித்தப்பா போனில் தேடிப் பார்த்தார். வரைபடத்தில் 'டெம்பிள்' என்றே போட்டிருந்தது. சரி என்றார்.

பேருந்தைவிட்டு இறங்கி நடந்தோம், நடந்தோம், நடந்துகொண்டே இருந்தோம். புல்வெளி, செம்மறியாடு, மறுபடி புல்வெளி. புது ஷூ குதிகாலைக் கடித்தது. பாண்டி பஜாரில் இவ்வளவு தூரம் நடந்திருந்தால் நாலு கரும்புச்சாறாவது குடித்திருக்கலாம்.

கடைசியில் ஏரிக்கரை மேட்டில் அது நின்றது. வட்டமாக வெள்ளைத் தூண்கள், மேலே கவிழ்த்த கிண்ணம் போலக் கூரை, நடுவில் மூக்குடைந்த ஒரு கல் பெண். பூங்காவுக்கு அழகாக இருக்கட்டும் என்று பிரபு கட்டிவைத்ததாம். மணி இல்லை, திருநீறு இல்லை, சுண்டலும் இல்லை.

"இதுக்கா இவ்ளோ தூரம்?" என்றேன்.

ஏரியில் எத்தனை வாத்து என்று எண்ணி வரச் சொன்னாள் அம்மா. பதினேழு. வந்து சொன்னால், இன்னொரு தடவை எண்ணு என்றாள். சித்தி படியில் உட்கார்ந்து முழங்காலில் முகம் புதைத்திருந்தாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். கால் வலி எனக்கு, தடவல் சித்திக்கா என்று பற்றிக்கொண்டு வந்தது.

"பாஸ்போர்ட் அவர் அலமாரிலதானே இருக்கு? எடுத்து என் பைல போட்டுடு. மத்ததை ஊர்ல போய்ப் பாத்துக்கலாம்" என்று அம்மா சொன்னது காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும், சாமி நன்றாகக் கும்பிட்டாயா என்று சித்தப்பா கேட்டார். அடக்கிவைத்த எரிச்சலெல்லாம் வெளியே வந்தது.

"அங்க சாமியே இல்ல சித்தப்பா. ரெண்டு மணி நேரம் இவங்க பேசிட்டே இருந்தாங்க."

"அப்படி என்ன பேசினாங்க?" அவ்வளவு அன்பாக அவர் என்னிடம் பேசியதே இல்லை. ஒன்றுவிடாமல் சொன்னேன். என் தலையைத் தடவிவிட்டு மாடிக்குப் போனார். அலமாரி பூட்டும் சத்தம் கேட்டது.

மூன்றாம் நாள் அம்மாவும் நானும் மட்டும் விமானம் ஏறினோம். சித்தி ஊர் வந்து சேர இன்னும் நாலு வருடம் ஆனது. வழியெல்லாம் அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தப் பயணத்தில் நான் சமர்த்தாக நடந்துகொண்டேன், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.